பின்சீட்டுச் சத்தம்

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது றெஜினா என் முதுகில் விரலால் குத்தினாள்.

"கேக்குதா?" என்றாள்.

"என்ன?"

"சத்தம்."

காது கொடுத்துப் பார்த்தேன். வாவிக் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து ஊதியது. பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது. வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

"ஒண்டும் இல்லையே."

"இருக்கு. நான் இருக்கிற இடத்துக்குக் கீழதான். ஆரோ பல்லுக் கடிக்கிற மாதிரி."

"போன கிழமைதான் முழுப் பைக்கையும் நான் கழட்டிப் பாத்தனான்."

"அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

பாலம் இறங்கியதும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கி, பின்சீட்டை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பைக் வித்த கொம்பனிக்காரன் பாத்துச் சரி எண்டு சொல்லட்டும். மறுகா ஏறுறன்."

அந்த வழியால் வந்த ஓட்டோவை மறித்து ஏறிவிட்டாள். நானும் அந்த ஓட்டோவுக்குப் பின்னாலேயே நாவற்குடா வரை போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டோக்காரர்தான் கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்தார். எவனோ பின்தொடர்கிறான் என்று நினைத்திருப்பார்.

முகம் தெரியாத இடம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு றெஜினாவைத் தெரியும். இந்த வாரம்தான் முதல்முறையாக வருகிறீர்கள் என்றால், அவள் என் மனைவி. நான் எழுதுவதை அச்சில் வந்த பிறகுதான் வாசிப்பாள். வாசித்துவிட்டு, "இதையெல்லாம் வாயால சொன்னா என்ன?" என்று கேட்பாள்.

அதுதான் பிரச்சினை. எனக்கு வாயால் சொல்ல வராது. எதிரே ஒரு முகம் இருந்தால் என் சொற்கள் எல்லாம் பின்வாசலால் போய்விடும். மனைவியின் முகமாக இருந்தாலும் அப்படித்தான்.

கலியாணமான முதற்கிழமை நாங்கள் பேசியதை எல்லாம் ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். "சோறு போடவா?" "போதும்." "லைற்ற நூத்திட்டுப் படுப்பமா?" "ஓம்."

பிறகு ஒருநாள் இரவல் பைக் ஒன்றில் வந்தாறுமூலைக்கு விருந்துக்குப் போனோம். பட்டணம் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் தொடங்கியதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. முன்னால் ரோட்டு மட்டும்தான். முகம் எதுவும் இல்லை. இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் மட்டும் "பிறகு?" "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. செங்கலடிச் சந்தி வருவதற்குள் என் பள்ளிக்கூடக் காலம் முழுவதையும் சொல்லி முடித்திருந்தேன்.

"இவ்வளவு கதைய எங்க வைச்சிருந்தீங்க?" என்றாள்.

பைக்கை விட்டு இறங்கியதும் வாய் மறுபடி மூடிக்கொண்டது. விருந்து வீட்டில் எல்லோரும், மாப்பிள்ளை ஊமையோ என்று பார்த்தார்கள். றெஜினா மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துச் சிரித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அலுவல்கள் எல்லாம் பைக்கில்தான் தீர்மானமாகும். மகளுக்குப் பெயர் வைத்தது ஆரையம்பதி ரோட்டில். கிணறு எங்கே வெட்டுவது என்று முடிவானது கோயிலுக்குப் போகும் வழியில். அவளுக்கு ஏதும் கேட்க வேண்டும் என்றால், "இஞ்சேருங்க, ஒருக்கா வெளிக்கிடுங்க, சந்தைக்குப் போவம்" என்பாள். வீட்டில் மரக்கறி நிறைய இருக்கும்.

பாலத்தில் சத்தம் கேட்ட அன்றும் அப்படி ஒரு பயணம்தான். செங்கலடியில் ஒரு கடை அறை பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

நான் நெல் ஆலை ஒன்றில் தராசடியில் நிற்கிறவன். அறுவடைக் காலத்தில் மூட்டை மேல் மூட்டையாக வரும். மற்ற மாதங்களில் தராசில் காகம்தான் வந்து இருக்கும். மகளும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள். றெஜினாவுக்கு மதியச் சோற்றுப் பார்சல் கடை ஒன்று போட வேண்டும் என்று பல நாள் ஆசை. சந்தைக்கு வருகிறவர்கள், பஸ் ஆட்கள், பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் என்று வாங்க ஆள் இருக்கிறது. அவள் வைக்கும் மீன் குழம்புக்கு, எங்கள் பேச்சில் மீன் ஆணத்துக்கு, உறவினர் நடுவில் ஏற்கெனவே நல்ல பெயரும் இருக்கிறது.

"நான் பின்னுக்குச் சமைக்கிறன். நீங்க முன்னுக்கு நிண்டு பார்சலக் குடுங்க" என்றாள், மாவடிவேம்பு தாண்டிப் போய்க் கிறுகித் திரும்பி வரும்போது.

என் கை பிறேக்கில் தானாகப் பட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க, "மீனா, கோழியா?" என்று கேட்க வேண்டும். அவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டி வரும்.

"ம்" என்றேன்.

"அந்த ம்முக்கு என்ன கருத்து?"

யோசித்துக்கொண்டே ஓட்டினேன். பாலம் வந்தது. சத்தமும் வந்தது.

கடை அறையின் சொந்தக்காரர் வருகிற சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு போன் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவாராம். றெஜினாவுக்கு என் பதில் வேண்டும். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே இடம் பைக். அவளோ பைக்கில் ஏற மாட்டாள்.

கவுண்டரில் வாய் திறக்காதவன்

நான் பைக்கை நானே பார்த்துக்கொள்வதைச் சனம் கஞ்சத்தனம் என்று நினைக்கிறது. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்லப்போனால் அதற்கும் பேச வேண்டுமே.

பைக் வாங்கிய புதிதில் இலவச சேர்விஸுக்குக் கொம்பனிக்குப் போனேன். கண்ணாடி அறை, குளிர் காற்று, கவுண்டரில் ஒரு பெண்பிள்ளை. எனக்கு முன்னால் நின்றவரிடம், "என்ன பிரச்சினை?" என்று கேட்டது. அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "டக்கு டக்கு டக்கு, மறுகா ஒரு உய்ய்ய்" என்றார். கையால் ஆட்டியும் காட்டினார். பிள்ளை தலையாட்டி எழுதிக்கொண்டது.

என் முறை வந்தது. என் பைக்கும் ஒரு சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை பேர் நடுவே என் வாயால் அதைச் செய்துகாட்டுவதா?

"உங்கட என்ன பிரச்சினை, அங்கிள்?"

"ஒண்டுமில்ல" என்றேன்.

ஒன்றுமில்லாத பைக்காகவே பார்த்து, கழுவி, மினுக்கித் தந்தார்கள். அதே சத்தத்துடன் மினுமினுத்துக்கொண்டு வீடு வந்தேன். அந்தப் பின்னேரமே ஸ்பனர் செற் ஒன்று வாங்கினேன்.

ஸ்பனர் எதுவும் கேட்பதில்லை. அதுதான் அதில் எனக்குப் பிடித்தது. நட்டு இறுகியிருந்தால் இறுகியிருக்கிறது என்று கைக்குத் தெரியும். பழைய ஓயிலை விரலில் தொட்டால் நாள் போய்விட்டதா இல்லையா என்று அதுவே காட்டும். பிளக்கின் நுனியைப் பார்த்து எஞ்சினுக்குச் சுகமா என்று அறியலாம். யாரிடமும் எதையும் விளக்கத் தேவையில்லை.

பிழையே விடவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாம் பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு நட்டு மிஞ்சியிருக்கும். அதை றெஜினா காணாமல் சட்டைப் பைக்குள் போடுவேன். அவள் சட்டையைத் தோய்க்கும்போது அதை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவாள்.

எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்குச் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். தோணி வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர், தோணிப் பலகைக்குப் பூசும் சுறா எண்ணெயைக் கொஞ்சம் போத்தலில் தந்தார். "இதப் பூசினா உப்பு கிட்ட வராது" என்றார். உப்பு வரவில்லைதான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், என் பைக்கைச் சுற்றி ஊர்ப் பூனை எல்லாம் குடும்பத்தோடு இருக்கிறது. ஒன்று செயினை நக்குகிறது. பாதர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உள்ளுக்கு வந்த கூட்டத்த விட இஞ்ச கூடவா இருக்கே" என்றார். றெஜினா அன்று கோயில் பெண்களோடு நடந்தே வந்தாள்.

என் ஸ்பனர்களை ஒரு பையில் சுற்றிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்திருப்பேன். பழைய காற்சட்டைக் கால் ஒன்றை வெட்டி றெஜினா தைத்துத் தந்த பை அது. எங்கள் ஊரில் தச்சர், மேசன் எல்லாம் தங்கள் வேலைச் சாமான்களை "ஆயுதம்" என்றுதான் சொல்வார்கள். யுத்தம் நடந்து, வழிநெடுக ஆமி மறித்துப் பையைத் திறந்து பார்த்த காலத்தில், "பைக்குள்ள என்ன?" என்று கேட்டால் அந்தச் சொல் மட்டும் வாயில் வந்துவிடக்கூடாது என்று நான் அந்தோனியாரை வேண்டிக்கொள்வேன். நான் அதிகம் பேசாதவனாக இருந்தது அந்தக் காலத்தில்தான் எனக்கு உதவியது. இப்போதும் "சாமான்" என்றுதான் சொல்லுவேன்.

தேடத் தேட இல்லை

அந்தக் கிழமை ஒவ்வொரு பின்னேரமும் ஆலையிலிருந்து வந்ததும் சத்தத்தைத் தேடத் தொடங்கினேன். சீட்டைத் திறந்து பையை எடுத்து விரிப்பேன். செயினைத் தளர்த்திப் பார்ப்பேன். பிறகு இறுக்கிப் பார்ப்பேன். அதிர்வு தாங்கும் பின் ஷொக்குக்கு எண்ணெய் விட்டேன், சுறா எண்ணெய் அல்ல. மட்காட்டைத் தட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் கையை ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். பைக் தூங்குகிற குழந்தைபோல் இருந்தது.

றெஜினாவின் தம்பி பசில் வந்தான். நல்ல உடம்புள்ள ஆள்.

"பின்னுக்கு ஏறு. ஒருக்காச் சுத்தி வருவம்" என்றேன்.

ஏறினான். நாவற்குடாவின் சந்து ஒழுங்கைகளில் உள்ள பள்ளம் எல்லாவற்றிலும் இறக்கி ஏற்றினேன். பசிலுக்குத்தான் மூச்சு வாங்கியது. பைக் வாய் திறக்கவில்லை.

"அத்தான், இது பைக்கில உள்ள சத்தமில்ல" என்றான். "அக்காட மனசுக்குள்ள இருக்கிற சத்தம்."

"என்ன சத்தம்?"

"நீங்க ஒண்டுக்கும் பதில் சொல்றீங்க இல்லையாம்."

குசினிக்குள்ளிருந்து சட்டி ஒன்று வைக்கப்படும் சத்தம் கேட்டது. அது எனக்கு நன்றாகவே கேட்டது.

இரவுச் சாப்பாட்டில் அவள் எதிரே இருப்பாள். சொல்லிவிடுவோம் என்று நான் தலையை நிமிர்த்துவேன். முகம் இருக்கும். "கறிக்கு உப்புக் காணுமா?" என்பாள். "ஓம்" என்பேன். மறுபடி சோற்றைப் பார்ப்பேன். காலையில் அவள் சந்தைக்குப் பஸ்ஸில் போவாள், நான் ஆலைக்குத் தனியாகப் போவேன். போகும் வழியெல்லாம் இடது காதுப் பக்கம் வெறுமையாக இருக்கும். ஒருநாள் பழக்கத்தில், "நேற்று ஆலையில ஒரு பகிடி" என்று தொடங்கிவிட்டேன். பக்கத்தில் சைக்கிளில் வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் விலகிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆனது. நான் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கொம்பனிக்குப் போனேன்.

ஸ்பீக்கரில் ஒரு குரல்

அதே கண்ணாடி அறை, அதே குளிர். கவுண்டரில் வேறொரு பெண்பிள்ளை.

"சீட்டுக்குக் கீழ உள்ள சாமானெல்லாம் எடுத்திடுங்க அங்கிள். துலைஞ்சா நாங்க பொறுப்பில்ல."

ஸ்பனர் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன பிரச்சினை?"

"சத்தம்" என்றேன். பெரிய காரியம் செய்ததுபோல் இருந்தது.

"என்ன மாதிரிச் சத்தம்?"

வாயைத் திறந்தேன். பின்னால் வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வாயை மூடினேன்.

"எனக்குக் கேக்கல்ல. வீட்டுக்காரிக்குத்தான் கேக்குது."

"அப்ப அன்ரிட நம்பர் சொல்லுங்க" என்று அந்தப் பிள்ளை போனை எடுத்தது. அந்தப் பிள்ளைக்கு எழுதக் கை வேண்டுமே. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தது.

"ஹலோ? ஆர் கதைக்கிறது? அவருக்கு ஏதும் நடந்திட்டா?"

"இல்ல அன்ரி. அங்கிள் நல்லா இருக்கார். ஒரு சத்தம் எண்டு சொல்றார். என்ன சத்தம் எண்டு சொல்றார் இல்ல."

"அவர் சொல்லமாட்டார் மகள். நான் சொல்றன், கேளு."

பிறகு றெஜினா சத்தத்தைச் செய்தாள்.

"கிர்ர்ரிக். கிர்ரிக், கிர்ரிக். பள்ளத்தில விழுந்தா மட்டும் கிர்ர்ர்ர்ராக்."

அறை முழுக்கக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓயில் ஊற்றிக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து பார்த்தார்.

"அது செயின்" என்றார் வாங்கில் இருந்த ஒருவர்.

"செயின் இப்பிடிக் கத்தாது. பின் ஷொக்" என்றார் இன்னொருவர். "அன்ரி, இன்னொருக்காச் சொல்லுங்க."

றெஜினா இன்னொருமுறை சொன்னாள். இந்தத் தடவை இன்னும் நீட்டி. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு தெளிவாக ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"நீங்களே வந்து பின்னுக்கு இருந்து காட்டினா நல்லம் அன்ரி" என்றது பிள்ளை.

"வாறன்" என்றாள்.

பஸ்ஸில் வந்து இறங்கினாள். கோயிலுக்குக் கட்டும் சேலை. என்னைத் தாண்டி, பைக்கோடு நின்ற மெக்கானிக்கிடம் நேரே போனாள். அவர் ஓட்ட, அவள் பின்னால் இருந்தாள். முற்றத்தில் இருந்த சிமெந்து மேட்டில் ஏறி இறங்கினார்கள். மறுபடியும் ஏறி இறங்கினார்கள். சத்தமே இல்லை.

"பைக் நல்லா இருக்கு அன்ரி" என்றார் மெக்கானிக். "உங்களுக்கு மனப் பிரமையா இருக்கும்."

வாங்கில் ஒருவர் சிரித்தார். றெஜினா சிவந்து போனாள். சிரித்தவரைப் பார்த்து, "அவ இல்லாததச் சொல்லமாட்டா" என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சம் பொறுத்துத்தான் அது என் குரல் என்று விளங்கியது.

றெஜினா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பார்வை கீழே இறங்கி என் காலடியில் நின்றது.

"அந்தப் பையையும் வைச்சு ஓடிப் பாருங்க தம்பி" என்றாள். "அது இல்லாம எங்கட பைக் ஒருநாளும் ரோட்டில ஓடினதில்ல."

பை சீட்டுக்கு அடியில் போனது. றெஜினா ஏறினாள். மேடு வந்தது.

கிர்ர்ர்ர்ராக்.

அச்சாக அவள் சொன்ன மாதிரியே. வாங்கில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். மெக்கானிக் சீட்டைத் திறந்து, பையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீள ஸ்பனரை இழுத்து எடுத்தார். புதிதாகச் சேர்த்தது அது. சின்னப் பை அதற்குப் போதவில்லை. பின்சீட்டில் ஆள் இருந்து குலுங்கும்போது சீட்டின் அடித்தகடு வந்து அதன் நுனியில் உரசியிருக்கிறது. உரசிய இடம் வெள்ளியாக மினுங்கியது. தேடும்போதெல்லாம் நான் முதலில் அந்தப் பையைத்தானே எடுத்து வெளியே வைத்தேன்.

"பைக் சரி அங்கிள்" என்றார் மெக்கானிக். "திருத்திற சாமான்தான் பிழை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று றெஜினா சொல்கிறாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

"வந்தது வந்தீங்க, சேர்விஸையும் செய்திட்டுப் போங்களன்" என்றது கவுண்டர்ப் பிள்ளை. வேண்டாம் என்று சொல்வதற்கும் பேச வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

நானே செய்யும் வேலைதான். காசு கொடுத்து இன்னொருவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மற்றவன் என் தலையைச் சீவுவதுபோல் இருக்கும். ஓயிலை ஊற்றும்போது அங்கு வேலை செய்யும் பெடியன் ஒருவன் புனலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று கால் துடித்தது.

"இருங்க" என்றாள் றெஜினா.

இருந்தேன். வாங்கில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எதிரே யாரும் இல்லை. கண்ணாடி, அதற்கு அப்பால் சவர்க்கார நுரைக்குள் எங்கள் பைக். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தோள் என் இடது தோளில் பட்டது. முகம் தெரியவில்லை.

வீட்டில் பைக்கை நான் திருத்தும்போது அவள் குசினியில் இருப்பாள், நான் முற்றத்தில் இருப்பேன். ஒருநாளும் இப்படி ஒன்றாக இருந்து பார்த்ததில்லை. கொம்பனிக்காரர் எதற்காகக் காசு வாங்குகிறார்கள் என்று எனக்கு அன்று கொஞ்சம் விளங்கியது.

"கடைய எடுப்பம்" என்றேன்.

அவளும் நுரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"முன்னுக்கு நிப்பீங்களா?"

"இல்ல."

"அப்ப?"

"முன்னுக்கு நீ நில். இப்ப கதைச்ச மாதிரிக் கதைச்சாச் சனம் தானா வரும். பின்னுக்கு நான் சமைக்கிறன்."

திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நுரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன சமைக்கத் தெரியும்?"

"பருப்பு. சொதி. முருங்கைக்காய்." கொஞ்சம் யோசித்தேன். "மீன் ஆணம் நீ காட்டித் தா. ஒருக்காக் காட்டினாப் போதும். நான் ஆரையும் கேக்காமச் செய்வன்."

தண்ணீர் அடித்து நுரையைக் கழுவினார்கள். பைக் வெளியே வந்தது. றெஜினா கைப்பையிலிருந்து போனை எடுத்து அறைச் சொந்தக்காரருக்கு அடித்தாள்.

"ஐயா, அறைய எங்களுக்கே வைங்க. ஓம். நாளைக்கு வாறம்." கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லையில்ல, நான் முன்னுக்கு. அவர்தான் சமையல்."

அந்தப் பக்கம் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். றெஜினா வாயை மூடிச் சிரித்துக்கொண்டு போனை வைத்தாள்.

"ஆனா உப்பு நான்தான் பாப்பன்" என்றாள்.